ஸ்காட்லாந்து கால்பந்தின் உச்சம் 1967-ஆ, 1983-ஆ?

கிளைட்கரை எழுதியது:

‘1967 என்பது செல்டிக் ரசிகர்களின் பெருமை மட்டும்தான், ஸ்காட்லாந்து கால்பந்தின் உண்மையான உச்சம் 1983’ என்று நண்பர் வடகடல் போன வாரம் வேறொரு திரியில் எழுதியிருந்தார். அங்கே பதில் சொன்னால் பேச்சு திசைமாறும் என்பதால் இந்தத் தனித் திரி.

1967 மே 25, லிஸ்பன். ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) ஃபைனல். எதிரே இன்டர் மிலான். 1964, 1965 என்று அடுத்தடுத்து இரண்டு வருஷம் அந்தக் கோப்பையை வாங்கிய அணி அது. அதன் மேனேஜர் எலேனியோ ஹெரேரா அமைத்த தடுப்பாட்டம் எப்படிப்பட்டது என்றால், ஒரு கோல் முன்னிலை கிடைத்தால் போதும், மேட்ச் முடிந்தது என்று எதிரணியே நினைத்துக்கொள்ளும். ஏழாவது நிமிஷத்திலேயே மட்சோலா பெனால்டியில் அந்த ஒரு கோலைப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு ஆடியதெல்லாம் செல்டிக்தான். இரண்டு தடவை பந்து மேல்கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இன்டர் கோல்கீப்பர் சார்ட்டி மட்டும் இல்லையென்றால் இடைவேளைக்கு முன்பே ஆட்டம் முடிந்திருக்கும். 63-ஆவது நிமிஷத்தில் டாமி கெம்மல், 84-ஆவது நிமிஷத்தில் ஸ்டீவி சால்மர்ஸ். 2-1. அந்தக் கோப்பையை வாங்கிய முதல் பிரிட்டன் கிளப் செல்டிக்தான், இங்கிலாந்து கிளப் எதுவும் இல்லை.

அன்று ஆடிய பதினொரு பேரும் செல்டிக் பார்க் மைதானத்திலிருந்து 30 மைல் சுற்றளவுக்குள் பிறந்தவர்கள். சால்ட்கோட்ஸ் என்ற கடற்கரை ஊர்க்காரரான பாபி லெனக்ஸ்தான் அதில் தூரத்து ஆள். கோல்கீப்பர் ரானி சிம்ப்சனுக்கு வயது 36. ஜாக் ஸ்டீன் ஹிப்ஸ் அணிக்கு மேனேஜராக இருந்தபோது இவர் வேண்டாம் என்று செல்டிக்குக்கு விற்றுவிட்ட ஆள். பிறகு ஸ்டீன் செல்டிக்குக்கு வந்தால், அங்கே சிம்ப்சன் நிற்கிறார்! அவரையே முதல் கோல்கீப்பராக்கி ஐரோப்பாவையே ஜெயித்தார்.

செல்டிக் அந்த சீசனில் கலந்துகொண்ட ஐந்து போட்டிகளிலும் கோப்பை வாங்கியது. ஆனால் 1967 செல்டிக்கின் கதை மட்டும் இல்லை. அதே சீசனில் ரேஞ்சர்ஸ், உள்நாட்டுக் கோப்பை வாங்கிய அணிகள் ஆடும் ஐரோப்பியப் போட்டியான கப் வின்னர்ஸ் கோப்பையில் ஃபைனல் வரை போனது. கில்மார்னக், இன்னொரு ஐரோப்பியப் போட்டியான ஃபேர்ஸ் கோப்பையில் செமி ஃபைனல் ஆடியது. டண்டி யுனைடெட் தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஐரோப்பாவில் ஆட இறங்கி, அதே ஃபேர்ஸ் கோப்பையின் நடப்புச் சாம்பியனான பார்சிலோனாவை அவர்கள் ஊரில் 2-1, தன் ஊரில் 2-0 என்று இரண்டு முறையும் தோற்கடித்தது. ஏப்ரல் 15-ஆம் தேதி வெம்ப்ளியில் உலகச் சாம்பியன் இங்கிலாந்தை ஸ்காட்லாந்து 3-2 என்று வென்றது. ஐம்பது லட்சம் சொச்சம் ஜனம் உள்ள ஒரு நாடு ஒரே சீசனில் இத்தனை செய்த இன்னொரு உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

வடகடல் எழுதியது:

தனித் திரி போட்டதற்கு நன்றி, நண்பரே. லிஸ்பன் பெரிய வெற்றி. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. என் வாதம் வேறு.

ஸ்காட்லாந்து கால்பந்தின் நோய் என்ன என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: கிளாஸ்கோவின் இரண்டு பெரிய கிளப்புகளான செல்டிக்கும் ரேஞ்சர்ஸும். அந்த நோய் குணமாகியிருந்த காலத்தை உச்சம் என்று சொல்வதா, நோய் முற்றத் தொடங்கிய காலத்தைச் சொல்வதா? 1966-இல் தொடங்கி 1974 வரை தொடர்ந்து ஒன்பது வருஷம் லீக் பட்டம் செல்டிக்குக்கே. 1967 அந்த வரிசையில் இரண்டாவது.

இப்போது 1983 மே மாதத்தைப் பாருங்கள். 11-ஆம் தேதி கோதன்பர்க்கில் கொட்டுகிற மழையில் அபர்டீன், ரியால் மாட்ரிட்டைக் கூடுதல் நேரத்தில் 2-1 என்று ஜெயித்துக் கப் வின்னர்ஸ் கோப்பையை வாங்கியது. மாட்ரிட்டின் மேனேஜர் யார்? அந்தக் கிளப்பின் பழைய நட்சத்திரம் டி ஸ்டெஃபானோ. எரிக் பிளாக் முதல் கோல், ஹுவானிட்டோ பெனால்டியில் சமன். 112-ஆவது நிமிஷத்தில் மார்க் மெக்கீ இடப்பக்கமிருந்து தூக்கிப் போட்ட பந்தை, பிளாக்குக்குப் பதிலாக உள்ளே வந்த ஜான் ஹியூவிட் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். மூன்றே நாள் கழித்து, 14-ஆம் தேதி, டண்டி யுனைடெட் பக்கத்து மைதானமான டென்ஸ் பார்க்கில் டண்டியை 2-1 என்று ஜெயித்து லீக் சாம்பியன் ஆனது. இரண்டு மைதானமும் ஒரே தெருவில் இருப்பவை. கடைசி அட்டவணை: டண்டி யுனைடெட் 56, செல்டிக் 55, அபர்டீன் 55.

ஒரே வாரத்தில் ஐரோப்பியக் கோப்பை ஒன்றும் நாட்டின் லீக் பட்டமும் கிளாஸ்கோவுக்கு வெளியே வடகிழக்குக் கரைக்குப் போயின. இதற்கு முன்னும் நடக்கவில்லை, பின்னும் நடக்கவில்லை.

பதினொரு உள்ளூர்க்காரர்கள் என்று லிஸ்பனைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறீர்கள். கோதன்பர்க்கில் இறங்கிய பதினொருவரும், மாற்று ஆட்டக்காரராக வந்த ஹியூவிட்டும், அத்தனை பேரும் ஸ்காட்லாந்துக்காரர்கள்தான். ஃபைனலை விடப் பெரிய ஆட்டம் அதற்கு முந்தைய மார்ச் மாதம் பேயர்ன் மியூனிக்குடன் நடந்த காலிறுதி. சொந்த மைதானம் பிட்டோட்ரி. ஆட்டம் முடியக் கால் மணி நேரம்கூட இல்லை, 2-1 என்று பின்தங்கியிருக்கிறார்கள். ஒரு ஃப்ரீ கிக். ஸ்ட்ராக்கனும் மெக்மாஸ்டரும் ஒரே நேரத்தில் பந்தை நோக்கி ஓடி வந்து, குழம்பிவிட்ட மாதிரி நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஜெர்மன்காரர்கள் அசந்த அந்த நொடியில் ஸ்ட்ராக்கன் சட்டென்று திரும்பிப் பந்தைத் தூக்கிப் போட, மெக்லீஷ் தலையால் கோல். அதே சூட்டில் அடுத்ததை ஹியூவிட் போட்டார். 3-2. பயிற்சி மைதானத்தில் திரும்பத் திரும்பச் செய்து பழகிய நாடகம் அது. அதிர்ஷ்டம் என்று யாரும் சொல்ல முடியாது.

பழையகணக்கு எழுதியது:

இரண்டு பேரும் தொலைக்காட்சியில் பதிவான காலத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். கிளாஸ்கோ ஆதிக்கம் இல்லாததுதான் அளவுகோல் என்றால் 1983 தேறாது. 1948 முதல் 1965 வரை 18 சீசன். அதில் ஏழு வெவ்வேறு கிளப்புகள் சாம்பியன்: ஹிப்ஸ், ரேஞ்சர்ஸ், செல்டிக், அபர்டீன், ஹார்ட்ஸ், டண்டி, கில்மார்னக். அதிலும் 1955-இலிருந்து 1965 வரை செல்டிக் ஒரு பட்டம்கூட வாங்கவில்லை.

1958-இல் பட்டம் வாங்கிய ஹார்ட்ஸ் 34 ஆட்டத்தில் போட்ட கோல் 132. எதிரணிகளிடம் வாங்கிய கோல் 29. போட்டது ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக நான்குக்குக் கொஞ்சம் குறைவு. 1961-இல் மூன்றாவதாக வந்த தேர்ட் லனார்க்கே 34 ஆட்டத்தில் 100 கோல் போட்டிருக்கிறது. மூன்றாவது இடம் பிடித்த அணிக்கே நூறு கோல் என்றால் அந்த லீக்கை எப்படி ஆடியிருப்பார்கள் என்று யோசியுங்கள்.

அப்புறம் 1965 கடைசி நாள். ஹார்ட்ஸ் தன் சொந்த மைதானம் டைன்காசிலில் கில்மார்னக்கைச் சந்திக்கிறது. கில்மார்னக்கு இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால்தான் பட்டம். அதற்கு முந்தைய ஐந்து சீசனில் நான்கு முறை இரண்டாவது இடத்தோடு திரும்பிய அணி அது. அன்று சரியாக 2-0. கோல் சராசரியில் 0.04 வித்தியாசத்தில் கில்மார்னக் சாம்பியன். அது வரைக்கும் அந்த ஊர் வாங்கியிராத பட்டம், அதன் பிறகும் வாங்காத பட்டம்.

உச்சம் என்பது ஒரு ராத்திரி இல்லை, ஒரு காலம். அந்தக் காலம் இதுதான்.

கிளைட்கரை எழுதியது:

பழையகணக்கு ஐயா, அந்த ஏழு சாம்பியன்கள் கதை எனக்கும் பிடித்ததுதான். ஆனால் ஐரோப்பா என்ற உரைகல்லில் தேய்த்துப் பாருங்கள். 1960 ஐரோப்பியக் கோப்பை செமி ஃபைனலில் ரேஞ்சர்ஸை ஐன்ட்ராக்ட் ஃபிராங்க்ஃபர்ட் 6-1, 6-3 என்று நசுக்கியது. இரண்டு ஆட்டம் சேர்த்து 12-4. அதே ஃபிராங்க்ஃபர்ட் ஹாம்ப்டன் பார்க்கில் நடந்த ஃபைனலில் ரியால் மாட்ரிட்டிடம் 7-3 என்று தோற்றது. புஷ்காஷ் நான்கு, டி ஸ்டெஃபானோ மூன்று. கிளாஸ்கோ ஜனம் ஒரு லட்சத்துக்கும் மேல் திரண்டு வந்து அதைப் பார்த்து, எழுந்து நின்று கை தட்டியது. உள்நாட்டில் போட்டி கடுமையாக இருந்தது, சரி. உலகத் தரத்துக்கும் நமக்கும் எவ்வளவு தூரம் என்று அந்த ராத்திரி காட்டியது. ஏழே வருஷத்தில் அந்தத் தூரத்தைக் கடந்தவர் ஸ்டீன்.

பழையகணக்கு எழுதியது:

ஒரு ரேஞ்சர்ஸ் தோல்வியை மட்டும் எடுத்துக்கொண்டால் எப்படி? 1955-56-இல் ஐரோப்பியக் கோப்பை தொடங்கிய வருஷமே அதில் ஆடிய முதல் பிரிட்டன் கிளப் ஹிப்ஸ், செமி ஃபைனல் வரை போனது. 1962-63-இல் டண்டி முதல் சுற்றிலேயே கொலோன் அணியை 8-1 என்று வீழ்த்திவிட்டு, செமி ஃபைனலில்தான், கோப்பையை வாங்கிய ஏசி மிலானிடம் தோற்றது. அந்த டண்டியின் மேனேஜர் பாப் ஷாங்க்லி, லிவர்பூல் மேனேஜர் பில் ஷாங்க்லியின் அண்ணன். இருவரும் பிறந்தது கிளென்பக் என்ற சின்னச் சுரங்கக் கிராமம். சில நூறு பேர் இருந்த அந்த ஊரிலிருந்து ஏறக்குறைய ஐம்பது பேர் தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆனார்கள். சுரங்கம் மூடியது, ஊரும் போய்விட்டது. ஸ்டீனும் மான்செஸ்டர் யுனைடெட் மேனேஜர் மேட் பஸ்பியும்கூட நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர்கள். லிஸ்பனை உண்டாக்கியது 1967 இல்லை, அதற்கு முந்தைய அரை நூற்றாண்டு.

வடகடல் எழுதியது:

வெம்ப்ளி 1967 பற்றிக் கிளைட்கரை சொன்னதற்கு ஒரு பதில் பாக்கி. ஸ்காட்லாந்தின் ஜிம் பாக்ஸ்டர் பந்தைக் காலில் தட்டித் தட்டி விளையாட்டுக் காட்டினார், நாங்களே உலகச் சாம்பியன் என்று ரசிகர்கள் சொல்லிக்கொண்டார்கள். எல்லாம் சரி. அன்றைக்கு இங்கிலாந்தின் தடுப்பாட்டக்காரர் ஜாக் சார்ல்டனுக்குக் கால்விரல் உடைந்திருந்தது. மாற்று ஆட்டக்காரர் கிடையாது என்பதால் நொண்டிக்கொண்டே முன்கள வீரராக நின்றார், அந்த நிலையிலும் ஒரு கோல் போட்டார். அதை விட முக்கியம், அந்த மேட்ச் 1968 ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்புக்கான தகுதிச் சுற்றின் ஒரு பகுதி. அதே சுற்றில் ஸ்காட்லாந்து வட அயர்லாந்திடம் 1-0 என்று தோற்றது. கடைசியில் ஒரு புள்ளி வித்தியாசத்தில் தகுதி பெற்றது இங்கிலாந்து. ஜெயித்ததைக் கொண்டாடியவர்கள் வீட்டில் இருந்தார்கள், தோற்றவர்கள் இத்தாலிக்குப் போனார்கள்.

அப்புறம் பெரிக் விஷயத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? 1967 ஜனவரி 28, ஸ்காட்டிஷ் கோப்பை முதல் சுற்று. ரேஞ்சர்ஸ் என்ற பெரிய கிளப்பை இரண்டாம் டிவிஷன் பெரிக் ரேஞ்சர்ஸ் 1-0 என்று வெளியேற்றியது. பெரிக் ஊர் எல்லை தாண்டி இங்கிலாந்தில் இருக்கிறது, ஆடுவது மட்டும் ஸ்காட்லாந்து லீக்கில். உங்கள் பொன்னான வருஷத்தில் இதுவும் உண்டு.

கிளைட்கரை எழுதியது:

பெரிக்கை நான் விடவில்லை, அதற்குத்தான் வந்துகொண்டிருந்தேன். என் வாதத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

சாமி ரீட் போட்ட அந்த ஒரு கோலுக்குப் பிறகு ரேஞ்சர்ஸ் நிர்வாகம் பழியைத் தூக்கி இரண்டு முன்கள வீரர்கள் தலையில் போட்டது. ஜிம் ஃபாரஸ்ட், ஜார்ஜ் மெக்லீன் இருவரும் அதன் பிறகு ரேஞ்சர்ஸுக்கு ஆடவே இல்லை. நான்கு மாசம் கழித்து நியூரம்பெர்க்கில் பேயர்ன் மியூனிக்கை எதிர்த்துக் கப் வின்னர்ஸ் கோப்பை ஃபைனல். கோல் போட ஆள் இல்லாமல், தடுப்பாட்டக்காரரான ரோஜர் ஹிண்டை முன்னால் நிறுத்தினார்கள். கூடுதல் நேரத்தில் 1-0 தோல்வி. லிஸ்பனுக்கு ஆறு நாள் கழித்து இது நடந்தது. ஒரே நகரத்தின் இரண்டு கிளப்புகள் ஒரே வருஷம் ஐரோப்பாவின் இரண்டு பெரிய கோப்பைகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்க வேண்டியது. பெரிக்கில் ஒரு சனிக்கிழமை அதைத் தடுத்தது.

அன்றைக்குப் பெரிக்கின் கோல்கீப்பரும் மேனேஜரும் ஒரே ஆள்: ஜாக் வாலஸ். பிறகு அவரே ரேஞ்சர்ஸ் மேனேஜராகி 1976, 1978 என்று இரண்டு முறை மூன்று உள்நாட்டுக் கோப்பைகளையும் ஒரே சீசனில் வாங்கித் தந்தார். ஒரு சின்ன ஊர் அணி பெரிய கிளப்பின் தலைவிதியையே மாற்றுகிற அளவுக்கு அந்தக் கால்பந்தில் உயிர் இருந்தது.

மூன்றாம்அணி எழுதியது:

இவ்வளவு நேரம் 1967 என்கிறீர்கள். அந்த வருஷம் ஏப்ரல் 28-ஐ யாராவது சொல்வீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தேர்ட் லனார்க் தன் கடைசி லீக் ஆட்டத்தை ஆடிய நாள். டம்பார்ட்டனில் 5-1 தோல்வி.

1872-இல் தொடங்கிய கிளப். 1904-இல் லீக் சாம்பியன், 1889, 1905 இரண்டு முறை ஸ்காட்டிஷ் கோப்பை. மேலே பழையகணக்கு சொன்ன அந்த நூறு கோல் அணி இதுதான். அந்த நூறு கோலுக்கும் கிளப் சாவுக்கும் நடுவில் ஆறே வருஷம். ஆட்டத்தால் சாகவில்லை, நிர்வாகத்தால் செத்தது. பிறகு அரசு விசாரணை வைத்து, கிளப்பை நடத்திய விதத்தைக் கடுமையாகக் கண்டித்து அறிக்கை தந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவர்களுடைய மைதானம் கேத்கின் பார்க் இன்னும் இருக்கிறது. 1903 வரை அதற்குப் பெயரே ஹாம்ப்டன் பார்க். குயின்ஸ் பார்க் கிளப் இப்போதைய ஹாம்ப்டனுக்குப் போனபோது தேர்ட் லனார்க் அதை எடுத்துக்கொண்டது. ரசிகர்கள் நின்று பார்த்த படிக்கட்டுகள் மூன்று பக்கமும் அப்படியே இருக்கின்றன, நடுவில் மரம் முளைத்திருக்கிறது. கிளாஸ்கோ போகிறவர்கள் பெரிய மைதானச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இங்கே போய்ப் பாருங்கள். பூங்கா, காசு கிடையாது.

லிஸ்பனுக்கு நான்கு வாரத்துக்கு முன் அதே நகரத்தில் ஒரு முன்னாள் சாம்பியன் செத்தது, யாரும் காப்பாற்றவில்லை. உச்ச வருஷம் என்ற பட்டத்தை 1967-க்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

தெருவிளக்கு எழுதியது:

எல்லாரும் கோப்பைக் கணக்கு பார்க்கிறீர்கள். அந்தக் காலத்துப் பெரிய கூட்டத்தைப் பற்றி ஏங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1937-இல் ஹாம்ப்டனில் இங்கிலாந்து மேட்ச் பார்க்க வந்தவர்கள் 1,49,415 பேர் என்று பெருமையாகச் சொல்கிறோம். அத்தனை பேர் எதன் மேல் நின்றார்கள், எந்த வழியாக வெளியே வந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

1971 ஜனவரி 2, ரேஞ்சர்ஸின் மைதானமான ஐப்ராக்ஸ். ரேஞ்சர்ஸும் செல்டிக்கும். ஆட்டம் முடிந்து வெளியே இறங்கியபோது 13-ஆம் எண் படிக்கட்டில் நெரிசல். 66 பேர் இறந்தார்கள். மார்க்கிஞ்ச் என்ற ஒரே ஊரிலிருந்து சேர்ந்து போன ஐந்து பையன்கள் அதில் உண்டு. கடைசி நிமிஷத்தில் காலின் ஸ்டீன் போட்ட கோலின் சத்தம் கேட்டு, வெளியேறியவர்கள் திரும்பி ஓடி வந்ததால்தான் இது நடந்தது என்று வருஷக்கணக்காகச் சொன்னார்கள். அது உண்மை இல்லை. இறங்கியவர்கள் எல்லாரும் ஒரே திசையில்தான் போனார்கள் என்று விசாரணை கண்டறிந்தது. பழியை ஜனத்தின் மேல் போட வசதியான கதை அது.

அதே படிக்கட்டில் 1961-இல் இரண்டு பேர் இறந்திருந்தார்கள். அதன் பிறகும் 1967-இல், 1969-இல் பலருக்குக் காயம். ஆமாம், உங்கள் 1967-தான். எச்சரிக்கை மூன்று முறை வந்தது. மைதானப் பாதுகாப்புச் சட்டம் 1975-இல்தான் வந்தது.

இன்னொன்று. ரேஞ்சர்ஸ் பல பத்தாண்டுகளாகக் கத்தோலிக்கர்களை அணியில் எடுப்பதைத் தவிர்த்த கிளப். 1989-இல் கத்தோலிக்கரான மோ ஜான்ஸ்டனை எடுத்தபோதுதான் அது உடைந்தது. கோபத்தில் கழுத்துத் துண்டைக் கொளுத்திய ரசிகர்கள் இருந்தார்கள். நீங்கள் சொல்லும் 1967-உம் 1983-உம் இரண்டுமே அந்தத் தடை இருந்த வருஷங்கள். ஒரு நாட்டின் பெரிய கிளப்பில் கத்தோலிக்கப் பையன்களுக்கு இடமில்லை என்றால் அது எந்த உச்சம்?

கிளைட்கரை எழுதியது:

தெருவிளக்கு சொன்ன ஐப்ராக்ஸ் விஷயத்தில் எனக்கு எதிர்வாதம் இல்லை. 66 குடும்பங்களின் துக்கத்துக்கு முன்னால் எந்தக் கோப்பையும் சின்னதுதான்.

மதத் தடையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அது ஸ்காட்லாந்து கால்பந்து முழுவதற்கும் இருந்த விதி இல்லை. செல்டிக் அயர்லாந்திலிருந்து வந்த ஏழைக் கத்தோலிக்கர்களுக்காகத் தொடங்கிய கிளப். ஆனால் அதன் மிகப் பெரிய மேனேஜர் ஸ்டீன் புராட்டஸ்டன்ட், நட்சத்திர ஆட்டக்காரர் டால்கிளிஷும் அப்படியே. 1936-இல் கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங்கின் முகமது சலீம் செல்டிக்குக்கு வந்து ரிசர்வ் அணிக்கு ஆடினார். பூட்ஸ் போட மாட்டேன் என்றார். சரி என்று காலில் துணிக்கட்டு சுற்றி விட்டார்கள். ஊர் நினைவு வந்து அவர் திரும்பாமல் இருந்திருந்தால் இன்னும் பெரிய கதை ஆகியிருக்கும்.

மூன்றாம்அணி எழுதியது:

அந்தப் பேச்சு வந்தால் ஆண்ட்ரூ வாட்சனைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. பிரிட்டிஷ் கயானாவின் டெமராராவில் பிறந்தவர், குயின்ஸ் பார்க் ஆட்டக்காரர், உலகின் முதல் கறுப்பினச் சர்வதேசக் கால்பந்து வீரர். 1881 மார்ச்சில் லண்டன் ஓவல் மைதானத்தில் ஸ்காட்லாந்து இங்கிலாந்தை 6-1 என்று அடித்த மேட்சில் கேப்டன் அவர்தான். மூன்று முறை நாட்டுக்காக ஆடினார், மூன்றிலும் வெற்றி: 6-1, 5-1, 5-1. உச்சம் எது என்று ஓட்டுப் போடச் சொன்னால் என் ஓட்டு அந்தக் காலத்துக்கே. பந்தைத் தனியாக உருட்டிக்கொண்டு ஓடுவதே ஆட்டம் என்று இங்கிலாந்து நினைத்தபோது, ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கி ஆடலாம் என்று காட்டியவர்கள் குயின்ஸ் பார்க்காரர்கள். 1872 நவம்பர் 30-இல் பார்ட்டிக்கில் ஒரு கிரிக்கெட் மைதானத்தில் நடந்த முதல் சர்வதேச ஆட்டத்தில் ஸ்காட்லாந்துக்கு ஆடிய பதினொருவரும் அந்த ஒரே கிளப். கோல் இல்லாத டிரா. இன்று உலகம் முழுக்க ஆடும் ஆட்டத்தின் விதை அது.

வடகடல் எழுதியது:

தெருவிளக்கு சொன்ன பாதுகாப்பு விஷயத்தில் அபர்டீனுக்கு உரிய இடத்தைக் கொடுங்கள். ஐப்ராக்ஸ் நடந்த ஏழு வருஷத்தில், 1978-லேயே, பிட்டோட்ரியில் எல்லா ரசிகர்களுக்கும் உட்கார இடம் வந்துவிட்டது. சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தாமலேயே. பேயர்னை ஜெயித்த அந்த ராத்திரி ஜனம் உட்கார்ந்திருக்கவில்லை என்பது வேறு விஷயம். மைதான ஓரத்தில் மேனேஜர் உட்காரும் பள்ளம் இருக்கிறதே, அதுவும் 1930-களில் பிட்டோட்ரியில் பயிற்சியாளர் டொனால்ட் கோல்மன் வெட்ட வைத்ததுதான். ஆட்டக்காரர்களின் கால் அசைவைக் கிட்டத்திலிருந்து பார்த்துக் குறிப்பெடுக்க அவருக்கு அது தேவைப்பட்டது.

பழையகணக்கு எழுதியது:

ஹார்ட்ஸ் ரசிகர்களுக்கு நியாயம் செய்யாமல் இந்தத் திரி போகக் கூடாது. மேலே 1965 சொன்னேன். அதன் மறுபாதி 1986.

31 ஆட்டங்கள் தோற்காமல் வந்த ஹார்ட்ஸ், மே 3-ஆம் தேதி டென்ஸ் பார்க்கில் ஒரு டிரா எடுத்தால் போதும், சாம்பியன். 83-ஆவது நிமிஷம் வரை 0-0. அப்போது டண்டியின் மாற்று ஆட்டக்காரர் ஆல்பர்ட் கிட் ஒரு கோல். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அதே மதியம் செல்டிக், செயின்ட் மிரனை 5-0 என்று அடித்தது. பட்டம் செல்டிக்குக்கு, கோல் வித்தியாசத்தில். ஒரு வாரம் கழித்து ஸ்காட்டிஷ் கோப்பை ஃபைனலிலும் ஹார்ட்ஸ் அபர்டீனிடம் 3-0.

இப்போது கணக்கைப் பாருங்கள். 1965-இல் கோல் சராசரி முறை: போட்ட கோலை வாங்கிய கோலால் வகுப்பது. ஹார்ட்ஸ் 90-49, கில்மார்னக் 62-33. வகுத்தால் கில்மார்னக் மேலே. கழித்தால் ஹார்ட்ஸ் 41, கில்மார்னக் 29, பட்டம் ஹார்ட்ஸுக்கு. 1986-இல் கழிக்கும் முறை வந்துவிட்டது. செல்டிக் 67-38, ஹார்ட்ஸ் 59-33. கழித்தால் செல்டிக் 29, ஹார்ட்ஸ் 26. பழைய மாதிரி வகுத்திருந்தால் ஹார்ட்ஸ் 1.79, செல்டிக் 1.76. இரண்டு முறையும் அந்தந்தக் காலத்து விதி ஹார்ட்ஸுக்கு எதிராகவே நின்றது. கால்பந்து விதிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடக் கூடாது.

மூன்றாம்அணி எழுதியது:

சின்னக் கிளப்புகளுக்கு இன்னும் இரண்டு. 1971 அக்டோபர், லீக் கோப்பை ஃபைனல். முந்தைய வருஷம்தான் ஐரோப்பியக் கோப்பை ஃபைனல் ஆடிய செல்டிக்குக்கு எதிரே, அப்போதுதான் இரண்டாம் டிவிஷனிலிருந்து ஏறி வந்த பார்ட்டிக் திசில். இடைவேளையில் திசில் 4, செல்டிக் 0. முடிவு 4-1.

1994 நவம்பர், அதே லீக் கோப்பை ஃபைனல். கிர்க்கால்டி ஊரின் ரெய்த் ரோவர்ஸ், இரண்டாம் அடுக்கில் ஆடும் அணி. செல்டிக்குடன் 2-2, பெனால்டியில் வெற்றி. அதனால் ஐரோப்பாவுக்குப் போனார்கள். 1995-இல் மியூனிக் ஒலிம்பிக் மைதானத்தில் பேயர்னுக்கு எதிராக டேனி லெனன் கோல் போட, இடைவேளையில் ஸ்கோர் பலகை பேயர்ன் 0, ரெய்த் ரோவர்ஸ் 1 என்று காட்டியது. மேட்ச் 2-1 என்று போய்விட்டது. ஆனால் அந்த இடைவேளைப் பலகையின் படத்தை இன்றும் கிர்க்கால்டியில் பார்க்கலாம்.

கிளைட்கரை எழுதியது:

திரும்ப முதல் கேள்விக்கு வருகிறேன். வடகடலின் 1983 அழகான வருஷம். ஆனால் அது ஒரு வெடி. டண்டி யுனைடெட் அதன் பிறகு லீக் பட்டமே வாங்கவில்லை. கோதன்பர்க் வெற்றியும் இரண்டாம் நிலைக் கோப்பைதான், ஐரோப்பியச் சாம்பியன் பட்டம் இல்லை. செல்டிக் 1967-க்குப் பிறகு 1970-இல் மறுபடி ஐரோப்பியக் கோப்பை ஃபைனல் போனது. செமி ஃபைனலில் லீட்ஸைத் தோற்கடித்ததை ஹாம்ப்டனில் பார்த்தவர்கள் 1,36,505 பேர். ஒரு காலத்தைத் தொடங்கி வைத்த வருஷம்தான் உச்சம்.

வடகடல் எழுதியது:

வெடி என்ற சொல்லை ஏற்க மாட்டேன்.

1983 கடைசியில் அபர்டீன் ஆடிய ஐரோப்பிய சூப்பர் கோப்பை. எதிரே ஐரோப்பியச் சாம்பியன் ஹாம்பர்க். அங்கே 0-0, பிட்டோட்ரியில் 2-0. நீங்கள் கேட்ட ‘சாம்பியன்’ அளவுகோலில் அன்றைய ஐரோப்பியச் சாம்பியனையே தோற்கடித்தாயிற்று. இரண்டு ஐரோப்பியக் கோப்பைகள் வாங்கிய ஒரே ஸ்காட்லாந்து கிளப் இன்றும் அபர்டீன்தான். 1984-இல் லீக்கும் ஸ்காட்டிஷ் கோப்பையும் சேர்த்து வாங்கினார்கள். அந்தக் கோடையில் ஸ்ட்ராக்கன் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும், மெக்கீ ஹாம்பர்க்குக்கும், ரூக்வி செல்சிக்கும் போய்விட்டார்கள். கோதன்பர்க் அணியில் மூன்று தூண்கள். அத்தனை பேரை விற்றும் 1985-இல் மறுபடி சாம்பியன். அபர்டீன் மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசன் எப்படிப்பட்டவர் என்றால், கோதன்பர்க்குக்குப் பத்து நாள் கழித்து ரேஞ்சர்ஸை 1-0 என்று ஜெயித்து ஸ்காட்டிஷ் கோப்பை வாங்கிய அன்றும், ஆட்டம் மோசம் என்று தொலைக்காட்சியிலேயே தன் அணியைத் திட்டியவர். பிறகு மன்னிப்புக் கேட்டார் என்பது உண்மை. ஆனால் அந்த அளவுகோல்தான் அவர்களை வளர்த்தது.

டண்டி யுனைடெட்டும் அணைந்துவிடவில்லை. 1984-இல் ஐரோப்பியக் கோப்பை செமி ஃபைனல். 1987-இல் பார்சிலோனாவை மறுபடி இரண்டு ஆட்டத்திலும் ஜெயித்தார்கள். ஐரோப்பியப் போட்டிகளில் அவர்களோடு ஆடிய நான்கிலும் வெற்றி. அந்த வருஷம் யூஃபா கோப்பை ஃபைனலில் ஐஎஃப்கே கோதன்பர்க்கிடம் தோற்றபோது, கோப்பையோடு சுற்றி வந்த எதிரணிக்கு, தங்கள் சொந்த மைதானமான டானடைஸில் டண்டி யுனைடெட் ரசிகர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஃபிஃபா அதற்காக அந்த ரசிகர்களுக்கு விருது கொடுத்தது.

1986-இல் கிரேம் சூனஸ் ரேஞ்சர்ஸுக்கு மேனேஜராக வந்து இங்கிலாந்து ஆட்டக்காரர்களைக் காசு கொடுத்து இறக்கினார், அதே வருஷம் ஃபெர்குசன் மான்செஸ்டருக்குப் போனார். அதோடு கதவு மூடியது. 1986 முதல் 2025 வரை 40 சீசன், சாம்பியன் பட்டம் செல்டிக்குக்கு அல்லது ரேஞ்சர்ஸுக்கு மட்டும். 1967-இன் தொடர்ச்சி என்று நீங்கள் சொல்கிற காலம் இதில் வந்து முடிந்தது. 1980 முதல் 1985 வரை ஆறு சீசனில் நான்கு பட்டம் அபர்டீனுக்கும் டண்டி யுனைடெட்டுக்கும் போயிருக்கிறது, நண்பரே. அந்த ஆறு வருஷத்தின் நடுப்புள்ளி 1983.